சுக்கினி வளர்ப்பு: குழி எடுப்பதிலிருந்து கடைசிப் பறிப்பு வரை

சுக்கினி (வெள்ளரிபோல நீண்ட, பூசணிக் குடும்பத்துக் காய்) போட்டவர்களில் பாதிப்பேர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். செடி தளதளவென்று வந்தது, பூ நிறையப் பூத்தது, பிஞ்சும் தெரிந்தது. விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கி அழுகிவிட்டது. உடனே உரம் வைக்கிறார்கள், மருந்து அடிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. பூ விரிந்திருந்த அந்தக் காலை நேரத்தில் தேனீயும் வரவில்லை, ஆளும் வரவில்லை, அவ்வளவுதான்.

சுக்கினியை வளர்ப்பது எளிது. அதைக் காய்க்க வைப்பதிலும் நேரத்துக்குப் பறிப்பதிலும்தான் கவனம் வேண்டும். அதனால் பூவைப் பற்றிய பகுதி மற்றதைவிட நீளமாக இருக்கும். அவசரமாகப் படிப்பவர்கள் அதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

1. முதலில் எத்தனை செடி என்று முடிவு செய்யுங்கள்

ஒரே ஒரு செடி வைக்காதீர்கள். சுக்கினியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாகப் பூக்கும். இரண்டும் ஒரே காலையில் விரிந்தால்தான் காய் பிடிக்கும். ஒரு செடியில் அது பல நாட்கள் அமையாது. மூன்று செடி இருந்தால் ஒன்றில் இல்லாத ஆண் பூ இன்னொன்றில் இருக்கும்.

அதற்காகப் பத்துச் செடியும் வேண்டாம். நன்றாகக் காய்க்கத் தொடங்கிய மூன்று செடிகள் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

விதைப் பையில் புதர் வகையா, கொடி வகையா என்று பாருங்கள். வீட்டுத் தோட்டத்துக்குப் புதர் வகைதான் வசதி, ஆனாலும் ஒரு செடி குறுக்கே 90 சென்டிமீட்டர் வரை பரவும். வலைக்குடிலிலோ தேனீ வராத உயரமான மாடியிலோ வளர்ப்பதாக இருந்தால், மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகங்கள் இருக்கின்றன, அவற்றைத் தேடி வாங்குங்கள். பின்னால் வரும் பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடும்.

2. விதைக்கு இரண்டு வாரம் முன்பே குழி

புதியவர்கள் விதை வாங்கிய அன்றே மண்ணைக் கொத்தி உரத்தைக் கலந்து விதைத்துவிடுகிறார்கள். வரிசை இங்கேயே தவறுகிறது. சரியாக மக்காத எரு மண்ணுக்குள் சூடேறும். முளைத்த வேர் அதில் பட்டால் கருகும்.

நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேர் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். வெயில் குறைந்தால் இலை பெரிதாகும், பூ குறையும். 40 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுங்கள். எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவு நன்றாக மக்கிய தொழுஉரமோ மண்புழு உரமோ கலந்து திரும்ப நிரப்புங்கள். நிரப்பிய இடம் தரைமட்டத்தைவிடச் சற்று மேடாக இருக்கட்டும். சுக்கினிக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், ஆனால் தண்டின் அடியில் தேங்கக் கூடாது. அதற்குத்தான் அந்த மேடு. பிறகு ஒரு முறை நனைத்துவிட்டு இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். மண் படியும், கலந்தது அடங்கும்.

மண்ணின் கார அமில நிலை (pH) 6 முதல் 7.5 வரை இருந்தால் போதும். போன பருவத்தில் வெள்ளரி, பூசணி, பீர்க்கு போன்றவை நின்ற இடத்தைத் தவிருங்கள். ஒரே குடும்பம் என்பதால் அவற்றின் நோயும் பூச்சியும் அந்த மண்ணிலேயே காத்திருக்கும்.

தொட்டி அல்லது பையில் வளர்ப்பவர்கள் ஒரு செடிக்குக் குறைந்தது 40 லிட்டர் மண் கொள்ளும் அளவு எடுங்கள். சிறிய தொட்டியிலும் செடி வளரும். ஆனால் நடுப்பகலில் மண் காய்ந்து மாலையில் நனைந்து, மறுநாள் மறுபடி காய்ந்து என்று அல்லாடும். அதன் பலன் காயின் நுனியில் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

3. மண்ணின் சூட்டைப் பார்த்து விதையுங்கள்

மண் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் விதை முளைக்காது, ஈரத்தில் கிடந்து அழுகிவிடும். 20 டிகிரிக்கு மேல் இருந்தால் 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும். உறைபனி விழும் ஊர்க்காரர்கள் கடைசிப் பனி கழிந்த பிறகுதான் தோட்டத்தில் வைக்க வேண்டும். இந்தச் செடிக்குப் பனியைத் தாங்கும் சக்தியே கிடையாது, ஒரே இரவில் கருகிப்போகும்.

கடும் வெயில் உள்ள ஊர்களில் கணக்கு வேறு. அங்கே பூக்கும் காலம் உச்சிக் கோடையில் விழாதபடி பின்னோக்கி எண்ணுங்கள். விதைத்து ஏறக்குறைய 40 நாளில் பூக்கும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழக்கும், ஆண் பூக்களே அதிகம் வரும், பெண் பூ வந்தாலும் காய் நிற்காது.

4. விதைப்பதும் நடுவதும்

முடிந்தால் நேராகக் குழியிலேயே விதையுங்கள். சுக்கினியின் வேர் தொந்தரவை விரும்பாது. ஒரு குழிக்கு இரண்டு விதை, 2 சென்டிமீட்டர் ஆழம், செடிக்குச் செடி 90 சென்டிமீட்டர் இடைவெளி. இந்த இடைவெளியைப் பார்த்ததும் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். வெற்றிடம் வீணாகிறதே என்று நடுவில் இன்னொன்று ஊன்றுவார்கள். ஐந்தாவது வாரம் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், உள்ளே காற்று போகாது, இலையில் வெள்ளை மாவுபோலப் படியும் சாம்பல் நோய் அங்கிருந்துதான் கிளம்பும்.

விதைத்ததும் ஒரு முறை நன்றாக நனைத்துவிட்டு, முளை தெரியும் வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் தெளியுங்கள். முளைக்கவில்லையே என்ற கவலையில் தினமும் ஊற்றித்தான் பலரும் விதையை அழுக விடுகிறார்கள்.

இரண்டும் முளைத்தால் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரியால் அடியோடு வெட்டுங்கள். பிடுங்க வேண்டாம், பின்னிக்கிடக்கும் வேர் இரண்டும் சேர்ந்தே ஆடிவிடும்.

குளிர் உள்ள இடங்களில் உள்ளே நாற்றுவிட்டு நடலாம். அப்படியானால் பெரிய நாற்றுத் தட்டுக்குப் பதில் தனித்தனிக் கோப்பைகள் எடுங்கள். விதையிலை இரண்டும் போக உண்மையான இலை இரண்டு மூன்று வந்ததும், அதாவது 3 முதல் 4 வாரத்தில், நட்டுவிட வேண்டும். கோப்பைக்குள் வேர் சுற்ற ஆரம்பித்த நாற்று பிறகு தேறுவது கடினம். நடுவதற்கு முந்தைய ஒரு வாரம் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுங்கள். காற்றுக்கும் வெயிலுக்கும் பழகாத இலை, நட்ட மறுநாளே வெளுத்துப்போகும். மாலையில் நடுங்கள், மண்கட்டி உடையாமல்.

5. தண்ணீர்: வேருக்கு மட்டும், ஆழமாக

தினமும் கொஞ்சம் ஊற்றுவதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மண் ஆழமாக நனையும்படி விடுவது நல்லது. மேலோட்டமாக ஊற்றினால் வேரும் மேலேயே நிற்கும், ஒரு நாள் மறந்தால் செடி துவண்டுவிடும். எப்போது விடுவது என்பதற்கு விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் இல்லை என்றால் விடுங்கள். தொட்டிச் செடிக்கு வெயில் காலத்தில் தினமும் தேவைப்படலாம்.

மதிய வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள். அகன்ற இலை, அது அப்படித்தான் தளரும். மாலையில் நிமிர்ந்துவிட்டால் ஒன்றுமில்லை. காலையிலேயே தொங்கிக் கிடந்தால் அப்போதுதான் தண்ணீரையோ வேரையோ தண்டின் அடியையோ பார்க்க வேண்டும்.

இலைமேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள், காலையில் ஊற்றுங்கள். செடி ஒரு சாண் வளர்ந்ததும் வைக்கோலோ காய்ந்த சருகோ 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். ஈரம் நிலையாக இருக்கும், காயும் மண்ணில் படுத்து அழுகாது. தண்டை ஒட்டி மட்டும் போட வேண்டாம், நாலு விரல் விட்டுப் போடுங்கள்.

6. உரம்

குழியில் கலந்ததே பூக்கும்வரை போதும். முதல் பெண் பூ தெரிந்ததும் செடியைச் சுற்றி இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தை இந்த நேரத்தில் கொட்டினால் இலை குடைபோல விரியும், பூ பின்வாங்கும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) உள்ள உரமாகப் பார்த்துப் போடுங்கள்.

7. பூ: எல்லாரும் சறுக்கும் இடம்

முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூக்கள் மட்டுமே. ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் வரைகூட அப்படியே போகும். பூத்துப் பூத்து உதிரும். இது குறையல்ல, பெண் பூ பின்னால் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் காய் தராத பூ எதற்கு என்று ஆண் பூ மொட்டுகளைத் தினமும் கிள்ளி எறிந்தார். பெண் பூ வந்த வாரத்தில் மகரந்தம் தருவதற்குச் செடியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அடையாளம் எளிது. ஆண் பூவின் காம்பு மெல்லியதாக, நீளமாக, பென்சில்போல நிற்கும். பெண் பூ தண்டை ஒட்டிக் குட்டையாக இருக்கும், இதழுக்குக் கீழே விரலளவு குட்டிச் சுக்கினி ஒன்று முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் காய் பிடித்துவிட்டது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அது காய் அல்ல, சூலகம். மகரந்தம் சேர்ந்தால்தான் அது காயாகும், சேராவிட்டால் மூன்று நாளில் வெம்பிவிடும்.

ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு காலைதான் விரியும். விடியலில் திறந்து, வெயில் ஏறியதும் சுருங்கத் தொடங்கி, மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். மறுநாள் திறக்காது. சுக்கினியின் மகரந்தம் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், காற்றில் பறக்காது. ஆகவே தேனீ கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் நீங்கள்.

கையால் சேர்ப்பது இப்படி. காலை எட்டு மணிக்குள் தோட்டத்துக்குப் போங்கள். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளுங்கள். நடுவில் உள்ள தண்டை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள், மஞ்சள் பொடி ஒட்டினால் மகரந்தம் தயார். ஒட்டவில்லை என்றால் கால் மணி நேரம் பொறுங்கள். இதழ்களைப் பின்னுக்கு மடித்துக் கிழித்துவிட்டால் நடுத்தண்டு மட்டும் தூரிகைபோல நிற்கும். விரிந்த பெண் பூவுக்குள் பாருங்கள், ஆரஞ்சு நிறத்தில் தடித்த மடல்களாகப் பிரிந்த சூலக முடி ஒன்று இருக்கும். ஒரு மடலில் தொட்டுவிட்டு விலகாமல், எல்லா மடல்களிலும் மஞ்சள் படியும்படி மெதுவாக உருட்டித் தேயுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒல்லியாகக் கோணிக்கொள்ளும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும்.

மழை வரும்போல இருந்தால், மறுநாள் விரியவிருக்கும் மொட்டுகளை (நுனி மஞ்சளாகிப் பருத்திருக்கும்) முதல் நாள் மாலையே காகிதப் பையால் மூடிவையுங்கள். நனைந்த மகரந்தம் பயன்படாது.

சேர்க்கை நடந்துவிட்டதா என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். பூ வாடித் தொங்கும், பிஞ்சு பளபளப்போடு கீழ்நோக்கிப் பருக்கும். இந்தக் காட்சியை ஒரு முறை பார்த்துவிட்டால் காலையில் எழுவது சுமையாகவே இருக்காது.

8. அழுகல் எல்லாம் ஒன்றல்ல

மருந்து வாங்கும் முன் பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

விரலளவிலேயே நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை. ஏழாவது பகுதிக்குத் திரும்புங்கள்.

காய் நன்றாகப் பெருத்து, பிறகு பூ இருந்த நுனி பழுப்பாகிக் குழிந்தால் அது சுண்ணாம்புச் சத்து நுனிக்குப் போய்ச் சேராத கோளாறு. மண்ணில் சத்து இருந்தும் தண்ணீர் சீராக இல்லாததால்தான் பெரும்பாலும் இது வரும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் உடனே சரியாகாது, அது கரைய மாதக்கணக்காகும். தண்ணீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்த காய்கள் தேறும்.

தோலில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, அதைச் சுற்றி மெத்தென்று இருந்தால் வெட்டிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ. அந்தக் காயை உரக்குழியில் போடாமல் பையில் கட்டி வெயிலில் வைத்து அழியுங்கள். மண்ணில் விழுந்த புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறையாக எழும். சேர்க்கை முடிந்த பிஞ்சுகளுக்குக் காகித உறையோ மெல்லிய துணிப்பையோ மாட்டினால் ஈ முட்டையிட முடியாது.

9. நோயும் பூச்சியும்

முதலில் ஒரு தவறான பயத்தைப் போக்கிவிடுகிறேன். பல ரகங்களில் இலை நரம்பை ஒட்டி வெள்ளி நிறத் திட்டுகள் இயல்பாகவே இருக்கும். அது நோயில்லை. விரலால் துடையுங்கள். போகவில்லை, எல்லா இலையிலும் ஒரே ஒழுங்கில் இருக்கிறது என்றால் ரகத்தின் குணம். மாவுபோல விரலில் ஒட்டினால்தான் சாம்பல் நோய்.

சாம்பல் நோயைக் கண்டதும் பூஞ்சைதானே என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். அது தலைகீழ். இந்தப் பூஞ்சை முளைக்க இலையில் ஈரம் தேவையில்லை, வேர் காய்ந்து செடி களைத்திருக்கும்போதுதான் வேகமாகப் பரவும். வேருக்கு ஈரம், இலைக்குக் காற்று, இதுதான் வழி. மோசமான அடியிலைகளை வெட்டுங்கள், ஆனால் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒரு முறை இலையின் இருபுறமும் தெளிக்கலாம். 1999இல் வெளியான பிரேசில் பசுமைக்குடில் ஆய்வு ஒன்று இதைச் சுக்கினிச் செடிகளிலேயே சோதித்து, நல்ல பலன் கண்டது. நோய் முற்றிய பிறகு அடித்துப் பயனில்லை, முதல் வெள்ளைப் புள்ளியிலேயே தொடங்குங்கள்.

இளஞ்செடியின் விதையிலைகளை வண்டுகளும் நத்தைகளும் தின்னும். முதல் நான்கு வாரம் மெல்லிய வலையால் மூடினால் போதும். பெண் பூ வந்த அன்று வலையை எடுக்க மறக்காதீர்கள், தேனீ உள்ளே வர வேண்டும்.

அசுவினியும் வெள்ளை ஈயும் இலையின் அடியில்தான் இருக்கும். வாரம் இரண்டு முறை இலையைப் புரட்டுங்கள். குறைவாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சியே விரட்டிவிடலாம். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் மட்டும். தேனீ நடமாடும் காலை நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள். இலை சுருண்டு, பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகி, காயில் கட்டிகள் எழும்பினால் அது தேமல் நோய். மருந்து கிடையாது. மனம் வராவிட்டாலும் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடி பிழைக்கும்.

10. பறிப்பது: பெரிதாகட்டும் என்று விடாதீர்கள்

சேர்க்கை நடந்து 4 முதல் 7 நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும். 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம், நகம் எளிதாக இறங்கும் தோல், அதுதான் பதம். நாளைக்கு இன்னும் கொஞ்சம் பெருக்கட்டுமே என்று விட்டால் விதை முற்றும். விதை முற்றத் தொடங்கியதும் செடி தன் வேலை முடிந்ததென்று புதுப் பெண் பூக்களைக் குறைத்துக்கொள்ளும். இலைக்கு அடியில் மறந்துபோன ஒரே ஒரு பெரிய காய் முழுச் செடியையும் நிறுத்தி வைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை எல்லா இலையையும் விலக்கித் தேடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் பிஞ்சாக இருந்தாலும் எல்லாவற்றையும் பறித்துவிட்டுப் போங்கள்.

திருகி இழுக்காமல் கத்தியால் காம்பில் 2 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். இழுத்தால் தண்டு பிளக்கும், பிளந்த இடத்தில் அழுகல் நுழையும். இலைக்காம்பில் சுணை உண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

11. கசந்தால் துப்பிவிடுங்கள்

சமைக்கும் முன் பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுமையாகக் கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயையும், அது வந்த செடியையும் ஒதுக்குங்கள். குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள்தான் அந்தக் கசப்பு. வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் வரும்.

இது பெரும்பாலும் வீட்டில் எடுத்த விதையில்தான் நேரும். சுக்கினி, அலங்காரப் பூசணிகளோடு எளிதில் கலந்துவிடும். கலந்தது அந்த ஆண்டுக் காயில் தெரியாது, அதன் விதையில் வரும் அடுத்த தலைமுறையில் தெரியும். விதை எடுக்க ஆசைப்பட்டால், விரியும் முன்பே பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் கட்டி வைத்து, காலையில் கையால் சேர்த்து, மறுபடி கட்டி, அந்தக் காயை மட்டும் முற்ற விடுங்கள். கலப்பின ரகம் என்றால் முயற்சியே வேண்டாம், தாய்ச் செடிபோல வராது.

12. செடி ஓயும்போது

ஒரு செடி ஏறக்குறைய இரண்டு மாதம் காய்க்கும். பிறகு தண்டு நீண்டு, இலை சிறுத்து, காய் கோணலாகும். அதைத் தேற்ற உரம் கொட்டுவதைவிட அடுத்ததைத் தயாராக வைத்திருப்பது மேல். முதல் செடி காய்க்கத் தொடங்கிய வாரத்திலேயே, வேறு இடத்தில் அடுத்த குழியை எடுத்து உரம் கலந்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதில் விதை விழுந்தால், பழையது ஓயும் நேரத்துக்குப் புதியது பூத்துவிடும். ஓய்ந்த செடியில் நோய் இல்லையென்றால் நறுக்கி உரக்குழியில் போடுங்கள். நோய் இருந்தால் தோட்டத்துக்கு வெளியே அகற்றுங்கள்.